பாரம் மேட்டுப் பக்கம் இருக்கட்டும்!

கேமரன் மலைத் தேயிலைச் சரிவில் முதுகில் கொழுந்துக் கூடையோடு இறங்குபவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? உடம்பைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, அடிமேல் அடி வைத்து இறங்குவார்கள். அப்போது பாரம் மேட்டுப் பக்கம் இருக்கும். அது பள்ளத்தின் பக்கம் சாய்ந்தால் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். இதை யாரும் வகுப்பு வைத்துச் சொல்லித் தரவில்லை. கால்கள் தாமே கற்றுக்கொண்ட பாடம் இது.

கிடங்குகளில் ஓடும் ‘போர்க்லிப்ட்’ எனும் பாரந்தூக்கி வண்டிக்கும் இதே பாடம்தான்.

1929-ஆம் ஆண்டு ஜே.ஏ. ரஸ்ஸல் இந்த மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் தேயிலையை மரப்பெட்டிகளில் அடைத்து அனுப்புவதே உலக வழக்கம். பெட்டியைத் தூக்க மனிதனின் தோள்தான் துணை. இன்று மூட்டைகளைப் ‘பேலட்’ எனும் மரத்தட்டில் அடுக்கிவிட்டால், வண்டியின் இரண்டு இரும்புக் கரங்கள் ஒரே மூச்சில் தூக்கி லோரியில் ஏற்றிவிடுகின்றன. மலையிறங்கி ஈப்போ, ஷா ஆலாம், கிள்ளான் துறைமுகம் என்று கிடங்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் முதலில் ஆசைப்படுவதும் இந்த வண்டியின் மீதுதான். ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் ஆழம் தெரியாமல் காலை விடலாமா?

வண்டியின் குணம்

பார்வைக்குச் சிறிய வண்டிதான். ஆனால் 2 டன் தூக்கும் வண்டியின் சொந்த எடையே 3 டன்னுக்கு மேல் இருக்கும். பிள்ளைகள் விளையாடும் ஏற்ற இறக்கப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரங்கள் நடுக்கட்டை. முன்னால் சரக்கு, பின்னால் அதற்கு ஈடான இரும்புக் கட்டி. கரங்களின் நுனியில் சரக்கு இருந்தால் அதன் இழுப்பு கூடும். பின் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். ஆகவே சரக்கு கரங்களின் அடிப்பகுதியோடு ஒட்டி இருக்கவேண்டும். ஓடும்போது கரங்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தைத் தாண்டக் கூடாது. சரக்கை உயரத் தூக்கியபடி வளைவில் திரும்பினால் வண்டி பக்கவாட்டில் கவிழ்ந்துவிடும்.

மற்றொன்று, இந்த வண்டி பின் சக்கரத்தால் திரும்புகிறது. முன்பக்கம் இடப்புறம் திரும்பும்போது பின்பக்கம் வலப்புறம் வீசும். அந்நேரம் சுவர் ஓரமாக நிற்பவரின் கதி என்ன?

சரிவில் எப்படி?

சரக்கோடு ஏறும்போது முன்னோக்கி ஏறவேண்டும். இறங்கும்போது பின்னோக்கி இறங்கவேண்டும். இரண்டிலும் பாரம் மேட்டுப் பக்கமே இருக்கும். சரக்கு இல்லாதபோது இது தலைகீழ். அப்போது கனமெல்லாம் பின்னாலுள்ள இரும்புக் கட்டியில் இருப்பதால், கரங்கள் பள்ளத்தைப் பார்க்கவேண்டும். சரிவின் நடுவே வண்டியைத் திருப்பவே கூடாது. மழையும் மூடுபனியும் ஓயாத மலைநாட்டில், ஈரமான ஏற்றுமேடையில் வேகம் எமனுக்கு அழைப்பு.

வண்டி கவிழத் தொடங்கினால் வெளியே குதிக்கத்தான் மனம் சொல்லும். குதிக்காதீர்கள்! குதித்தவர் மீதுதான் வண்டியின் மேற்கூரை விழும். இருக்கை வாரைப் போட்டிருக்கவேண்டும். ஸ்டேரிங்கை இறுகப் பற்றி, கால்களை ஊன்றி, கவிழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்துகொள்ள வேண்டும்.

நடப்பவர் கவனத்திற்கு

ஓட்டுபவருக்கு மட்டும்தான் ஆபத்து என்று எண்ணிவிடக் கூடாது. அவருக்கு மேலே இரும்புக்கூரை இருக்கிறது. நடந்து போகும் நமக்கு என்ன இருக்கிறது? தூக்கிய கரங்களுக்கு அடியில் நுழையாதீர்கள். மேல்தட்டுச் சரக்கை எடுக்கப் பேலட்டில் ஆளை நிறுத்தித் தூக்குவது விளையாட்டல்ல. ஓட்டுநர் உங்கள் கண்ணைப் பார்த்துத் தலையசைக்கும்வரை குறுக்கே போகாதீர்கள். சரக்கு பார்வையை மறைத்தால் ஓட்டுநர் பின்னோக்கி ஓட்டவேண்டும். மூலைக்கு மூலை ஹாரன் அடிக்கவேண்டும்.

மூடிய ஸ்டோருக்குள் டீசல் அல்லது கேஸ் வண்டி ஓடினால் அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கும். அதற்கு மணமே இல்லை. தலைவலியும் மயக்கமும் வந்தால் உடனே காற்றோட்டமான இடத்துக்கு வந்துவிடுங்கள். பேட்டரி வண்டிக்கு மின்னேற்றும் இடத்தில் தீப்பற்றும் வாயு வெளிப்படும். அங்கே சிகரெட்டுக்கு இடமில்லை.

சாவி யார் கையில்?

“டிரைவர் தேநீர் குடிக்கப் போயிருக்கிறான். தம்பி, கொஞ்சம் நீ நகர்த்திவிடு.” ஆபத்து பெரும்பாலும் இப்படித்தான் அன்பான குரலில் வருகிறது. கார் ஓட்டத் தெரிந்தவனுக்கு இதுவும் தெரியும் என்று நினைப்பது பெருந்தவறு. வண்டியை நிறுத்தினால் கரங்களைத் தரையில் இறக்கி, கைபிரேக் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டுதான் ஓட்டுநர் இறங்கவேண்டும்.

பயிற்சி தருவது முதலாளியின் தயவல்ல, சட்டம். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அதைக் கடமையாக்கியிருக்கிறது. 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, கடமை தவறும் முதலாளிக்கு அபராதம் 5 லட்சம் வெள்ளி வரை போகலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்பத் தகுந்த காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி கவனிக்காவிட்டால், அவ்வேலையை விட்டு விலகி நிற்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. அதற்காக அவரைப் பழிவாங்கவும் கூடாது. ஆகவே “எனக்குப் பயிற்சி இல்லை” என்று சொல்வது கோழைத்தனமல்ல.

பயிற்சிக்கு இடமும் உண்டு. 1992-இல் அமைந்த நியோஷ் எனும் தேசியப் பாதுகாப்பு, சுகாதாரக் கழகம் இவ்வண்டிக்கென்றே வகுப்பு நடத்துகிறது. விபத்து நேர்ந்துவிட்டால் காயம் சிறிதென்று மறைக்காமல் நிர்வாகத்திடம் உடனே தெரிவித்து, மருத்துவச் சான்றையும் பத்திரப்படுத்துங்கள். சொக்சோ இழப்பீட்டுக்கு அவைதான் ஆதாரம்.

தாய்மார்களே! முதல் சம்பளத்தோடு வீடு வரும் மகனிடம் எவ்வளவு கிடைத்தது என்று கேட்கிறோம். அதோடு இன்னொன்றும் கேளுங்கள்: “வண்டி ஓட்ட உனக்கு யாரப்பா சொல்லிக் கொடுத்தது?” அவன் பதில் சொல்லத் தயங்கினால், மறுநாள் அவன் சாவியைத் தொடாமல் இருப்பதே நல்லது.