ஓவியத்தில் விரிந்த எல்லைப்புறம்

ஓர் இயற்கைக் காட்சி ஓவியம் ஒரு சட்டம் பிறக்கத் துணைநிற்குமா? 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் நின்றது.

அக்காலத்தில் நாட்டின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த பெரும்பாலோர்க்கு, வெள்ளையர் குடியேற்றத்தின் எல்லைக்கு அப்பால் இருந்த மேற்கு நிலம் செவிவழிச் செய்தி மட்டுமே. அதைக் கண்முன் கொண்டுவந்தவர்கள் புனைவியல் ஓவியர்கள். உள்ளதை உள்ளவாறே காட்டுவதைவிட, அதைக் கண்டபோது எழுந்த வியப்பைக் காட்டுவதே அவர்களின் நோக்கம்.

ஜெர்மனியில் பிறந்த ஆல்பர்ட் பியர்ஸ்டாட், 1859இல் சாலை அமைக்க வழி அளக்கும் அரசுக் குழுவுடன் மேற்கே சென்றார். வழியில் தீட்டிய சிற்றோவியங்களைக் கொண்டு, 1863இல் நியூயார்க்கில் 'ராக்கி மலைகள், லேண்டர் சிகரம்' என்ற ஓவியத்தை முடித்தார். அதன் அகலம் 3 மீட்டருக்கும் மேல். பல காட்சிகளை ஒன்றாக்கி, மலைகளை மேலும் ஓங்கச் செய்து, நடுவே ஓர் அருவியின்மீது ஒளியைப் பாய்ச்சினார். 1865இல் அது 25,000 டாலருக்கு விற்பனையானது.

தாமஸ் மோரன் 1871இல் ஹேடன் தலைமையிலான ஆய்வுக் குழுவுடன் யெல்லோஸ்டோன் சென்றார். உடன் வந்த வில்லியம் ஹென்றி ஜாக்சனின் புகைப்படங்கள், காண்பது கட்டுக்கதையல்ல என்று மெய்ப்பித்தன. ஆனால், அவை கருப்பு வெள்ளைப் படங்கள். வெந்நீர் ஊற்றுகளின் நீலத்தையும் மஞ்சளையும் காட்டியவை மோரனின் நீர்வண்ண ஓவியங்களே. இரண்டும் நாடாளுமன்ற உறுப்பினர்களின் மனத்தை ஈர்த்தன. 1872 மார்ச் 1ஆம் நாள் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவானது. அதே ஆண்டில் மோரனின் பெரிய ஓவியம் ஒன்றை நாடாளுமன்றம் 10,000 டாலருக்கு வாங்கியது.

இவ்வெற்றிக்கு மறுபக்கமும் உண்டு. பியர்ஸ்டாட்டின் ஓவியத்தில், மலையடிவாரத்தில் ஷோஷோனி மக்களின் கூடாரங்கள் அமைதியாக நிற்கின்றன. ஓவியம் முடிந்த அதே 1863ஆம் ஆண்டின் ஜனவரியில், இன்றைய ஐடஹோ மாநிலத்தின் பேர் ஆற்றங்கரையில், பெண்கள், குழந்தைகள் உட்பட ஷோஷோனியர் நூற்றுக்கணக்கானோரை அமெரிக்கப் படை கொன்றது. யெல்லோஸ்டோனிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் வேட்டையாடியும் வந்த பழங்குடிகள், பூங்கா உருவான சில ஆண்டுகளிலேயே வெளியேற்றப்பட்டனர்.

மனிதர் கைபடாத நிலம் என்ற எண்ணம் காட்டைக் காத்தது. அங்கிருந்தவர்களின் உரிமையை மறைக்கவும் உதவியது. லேண்டர் சிகர ஓவியம் இன்று நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் கலைக்கூடத்தில் உள்ளது. அதைக் காண வாய்ப்பவர்கள் ஒளிவீசும் அருவியை வியக்கட்டும். முன்னே நிற்கும் கூடாரங்களையும் சற்று நின்று பார்க்கட்டும்.