மனநோயிலிருந்து மீண்டவரே துணை

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கினார்கள். 28 பேர் மவ்த்தானார்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டம் சங்கிலியைத் தடை செய்துவிட்டது. நம் வீடுகளில் சங்கிலி இல்லை. ‘வெளியே தெரிந்தால் நிக்காஹ் நின்றுவிடும்’ என்ற பயம் இருக்கிறது.

மருத்துவர் மாத்திரை தருவார். ஆலிம் ஓதிப் பார்ப்பார். (இரண்டையும் சேர்த்துச் செய்ய மார்க்கத்தில் தடையில்லை.) ‘எனக்கும் இப்படிக் குரல்கள் கேட்டன, இப்போது வேலைக்குப் போகிறேன்’ என்று சொல்பவர் சக ஆதரவாளர். தானே மனநோயிலிருந்து மீண்டு, பயிற்சியும் பெற்றவர். மருந்தை அவர் மாற்றமாட்டார், கூடவே நடப்பார். விக்கிரமங்கலத்திலிருந்து அரியலூர் அரசு மருத்துவமனைக்கு முதல்முறை போக அஞ்சும் பிள்ளையோடு அப்படி ஒருவர் பஸ் ஏறினால் பாதி பயம் போய்விடும்.

ஜமாஅத்தில் மீண்டவர்கள் இருந்தால், அவர்கள் சம்மதித்தால், இந்தப் பயிற்சிக்கு அனுப்புங்கள். இன்றே பேச வேண்டுமென்றால் டெலிமானஸ் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.