மணவாளக்குறிச்சி மணலும் மூளை ஸ்கேனும்: தெரியுமா?

பாட்டுக் கேட்கக் காதில் மாட்டும் ஹெட்போனுக்கும் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கும் உறவு உண்டு, தெரியுமா? இங்கிருந்து கப்பலேறிய கயிற்றுநாரில் ஒட்டியிருந்த மணலில் 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்தார். அன்று எல்லோரும் தேடியது அதிலுள்ள தோரியத்தை. ஆனால் அதே மோனசைட்டில் நியோடிமியம் என்ற உலோகமும் இருக்கிறது! அதனுடன் இரும்பும் போரானும் சேர்ந்தால் மிக வலிமையான நிலைக்காந்தம். இன்றைய ஹெட்போன்கள் பலவற்றில் ஒலி எழுப்புவது அந்தக் காந்தமும் ஒரு கம்பிச்சுருளும்தான்.

இன்னும் கேளுங்கள். மூளையைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனரின் பெருங்காந்தத்தை மைனஸ் 269 டிகிரியில் வைத்திருப்பது திரவ ஹீலியம். 1908-ல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் காமர்லிங் ஓனஸ் முதன்முதலாக ஹீலியத்தைத் திரவமாக்கினாரே, அந்த வாயு எதிலிருந்து கிடைத்தது? மோனசைட் மணலிலிருந்து! நம் கரை மணல் அல்ல, ஆனால் அதே கனிமம்.

இப்படி உறவு இருந்தும் ஹெட்போனும் ஸ்கேனரும் நெருங்கவே கூடாது. 3 டெஸ்லா ஸ்கேனரின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தைவிட 50,000 மடங்குக்கும் மேல். ஸ்கேன் ஓடாத நேரத்திலும் அது அணையாது. சாதாரண ஹெட்போனைக் கொண்டுபோனால் காந்தம் அதைப் பிடுங்கி இழுக்கும். அதன் கம்பி ரேடியோ அலையில் சூடேறித் தோலைச் சுட்டுவிடலாம். மூளைப் படமும் கெடும்.

அப்படியென்றால், ஒலி கேட்கும்போது மூளை என்ன செய்கிறது என்று ஆராய்கிறவர்கள் உள்ளே படுத்திருப்பவருக்கு எப்படி ஒலி கொடுக்கிறார்கள்? ஒரு வழி, டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் போல பிளாஸ்டிக் குழாயில் காற்றுவழியே அனுப்புவது. ஆபத்தில்லை, ஆனால் கீச்சொலிகள் வழியிலேயே மங்கிவிடும். ஜெர்மனியின் மாக்டபர்க் நகர ஆய்வாளர்கள் 1998-ல் வெளியிட்ட யோசனைதான் அபாரம்! ஹெட்போனிலிருந்து காந்தத்தையே எடுத்துவிட்டார்கள். உள்ளே இருப்பது கம்பிச்சுருள் மட்டும். காந்தம்? ஸ்கேனரேதான்! எந்தக் காந்தம் எதிரியோ அதையே வேலைக்கு வைத்துக்கொண்ட மூளையை என்னவென்று சொல்ல! அந்த அறையை விட்டு வெளியே வந்தால் அந்த ஹெட்போன் ஊமை.

இத்துடன் சிக்கல் தீர்ந்ததா? இல்லை, ஸ்கேனரின் இரைச்சல் இருக்கிறதே. ஸ்கேனருக்குள் மின்சாரம் படபடவென்று மாறும்போது சுருள்கள் அதிர்கின்றன. சத்தம் 110 டெசிபலைக்கூடத் தாண்டும். அதனால் ஆய்வாளர்கள் முதலில் அமைதியில் ஒலியைக் கேட்கவிட்டு, பிறகு படம் எடுக்கிறார்கள். ஒலி கேட்டதும் மூளையில் கூடும் ரத்த ஓட்டம் உச்சத்துக்கு வரச் சில நொடி ஆகும், அந்த இடைவெளிதான் அவர்களுக்கு வாய்ப்பு! இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் குழு 1999-ல் இந்த முறையை விளக்கி எழுதியது.

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஸ்கேனுக்குப் போகிறவர்களே, இயர்போன், காது கேட்கும் கருவி எல்லாவற்றையும் வெளியிலேயே கழற்றி வையுங்கள். காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்தியிருந்தால் அதன் உள்ளேயும் காந்தம் இருக்கலாம். ஸ்கேன் தேதி வாங்கும்போதே கட்டாயம் சொல்லிவிடுங்கள். காதுக்கு அடைப்பான் தரவில்லையென்றால் தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.