டீசல் வண்டிக்கு இன்ஜெக்டர் மாற்றுதல்



நம் தோட்டத்துக் குடும்பங்களில் சில, பழைய டீசல் பிக்கப் ஒன்றையோ வேன் ஒன்றையோ நம்பிப் பிழைப்பு நடத்துகின்றன. காலையில் காய்கறி, பகலில் புல் வெட்டும் குத்தகை வேலை, மாலையில் யார் வீட்டுக்காவது சாமான் ஏற்றுதல் என்று வண்டி ஓடினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். அப்படிப்பட்ட வண்டி ஒரு நாள் கறுப்புப் புகை கக்கத் தொடங்குகிறது. பார்த்தவர் ஒருவர், "இன்ஜெக்டர் போய்விட்டது, நான்கையும் மாற்று" என்று சொல்லிவிட்டுப் போகிறார். கடையில் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. நாமே வாங்கி நாமே மாட்டினால் கூலியாவது மிஞ்சுமே என்று மனம் கணக்குப் போடுகிறது.

அந்தக் கணக்கு தவறானதல்ல. ஆனால் இந்த வேலையில் நம் கைக்கு அடங்கும் பகுதி ஒன்று, அடங்காத பகுதி ஒன்று என இரண்டு உண்டு. அவற்றைப் பிரித்து அறியாமல் இறங்கினால் பணமும் போகும், சில வேளைகளில் கைவிரலும் போகும். ஆகவே அந்த எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில், இன்ஜெக்டர் என்பது என்ன? பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்க பிளக் இருக்கிறது. டீசல் எஞ்சினில் அது கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றை நெருக்கினால் அது சூடேறும். டீசல் எஞ்சின் காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருக்குகிறது. அப்போது அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியசைத் தாண்டும். அந்த நேரம் பார்த்து எண்ணெயைப் பனிப்புகைபோல் உள்ளே பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். அப்படிப் பீய்ச்சும் கருவிதான் இன்ஜெக்டர். அதன் நுனியில் உள்ள பாகத்தைப் பட்டறைக்காரர்கள் நாசில் என்பார்கள்.

ருடோல்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளரின் எஞ்சின் 1897ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓடியது. அதில் எண்ணெயை உள்ளே தள்ளுவதற்குத் தனியாக நெருக்கப்பட்ட காற்று வேண்டியிருந்தது. ஆகவே எஞ்சின் பெரிதாகவும் கனமாகவும் இருந்தது. 1927ஆம் ஆண்டில் போஷ் நிறுவனம் எண்ணெயை நேராகவே அழுத்தித் தள்ளும் பம்புகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. அதன் பிறகே டீசல் எஞ்சின் லோரிக்குள் வசதியாக அடங்கியது.

தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்தவர்களுக்கு நாசிலைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. மருந்துப் பம்பின் வாய் நன்றாக இருந்தால் மருந்து விசிறிபோல் விரிந்து எல்லா இடத்திலும் படும். வாய் தேய்ந்தாலோ அடைத்தாலோ ஒரு பக்கமாகச் சீறும், அல்லது சொட்டும். மருந்து தீரும், புல் சாகாது. எஞ்சினுக்குள் நடப்பதும் இதுவே. எண்ணெய் பனிப்புகையாக விரியாமல் சொட்டினால் முழுவதும் எரியாது. எரியாத பகுதி கறுப்புப் புகையாக வெளியேறும். வண்டி இழுக்காது. எஞ்சின் 'டக் டக்' என்று தட்டும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து, கீழேயுள்ள எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதைக் கெடுத்துவிடும்.

டீசலை வீணாக்கும் வண்டி நம் பணப்பையையும் காலி செய்யும். 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் ஒரு லிட்டர் டீசலின் விலை 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

சரி, கறுப்புப் புகை வந்தாலே இன்ஜெக்டர்தான் குற்றவாளியா? அவசரப்படக் கூடாது. காற்று வடிகட்டி அடைத்திருந்தாலும் கறுப்புப் புகை வரும். டீசல் வடிகட்டி அடைத்திருந்தாலும் வண்டி இழுக்காது. இவை இரண்டும் விலை குறைந்த சாமான்கள். முதலில் இவற்றைப் பார்த்துவிட்டு, குறை தீரவில்லையென்றால் இன்ஜெக்டர் பக்கம் திரும்புங்கள்.

இங்கேதான் முக்கியமான எல்லைக்கோடு வருகிறது. உங்கள் வண்டி பழைய வகையா, புதிய வகையா? பழைய வகையில் பம்பிலிருந்து ஒவ்வோர் இன்ஜெக்டருக்கும் தனித்தனி மெல்லிய இரும்புக் குழாய் போகும். இன்ஜெக்டரின் தலையில் மின்கம்பி இருக்காது. புதிய வகைக்குக் காமன் ரெயில் என்று பெயர். 1990களின் பிற்பகுதியிலிருந்து இது பரவத் தொடங்கியது. இதில் எஞ்சின் மேல் தடித்த எஃகுக் குழாய் ஒன்று கிடக்கும். அதிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் கிளைகள் போகும். ஒவ்வொன்றின் தலையிலும் மின்கம்பி சொருகியிருக்கும்.

பழைய வகையில் இன்ஜெக்டர் திறக்கும் அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் 100 முதல் 250 மடங்கு. புதிய வகையில் எண்ணெயின் அழுத்தம் 1,300 மடங்கிலிருந்து 2,000 மடங்குக்கும் மேல் போகும். மேலும் புதிய இன்ஜெக்டர்கள் பலவற்றின் தலையில் பொறித்திருக்கும் குறியீட்டை வண்டியின் கணினிக்குள் பதிய வேண்டும். அதற்கான கருவி நம் வீட்டில் இல்லை. ஆகவே காமன் ரெயில் வண்டியை வீட்டில் தொடவே வேண்டாம். அது பட்டறை வேலை. இனி நான் சொல்வது அனைத்தும் பழைய வகை எஞ்சினுக்கு மட்டுமே பொருந்தும்.

எந்த இன்ஜெக்டர் கெட்டது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எஞ்சினை நிறுத்தி, முதல் இன்ஜெக்டருக்குப் போகும் குழாயின் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். அதன் மேல் தடித்த துணியைச் சுற்றிவிட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். எஞ்சின் தடுமாறினால் அந்த இன்ஜெக்டர் வேலை செய்கிறது என்று பொருள். எந்த மாற்றமும் தெரியவில்லையென்றால் அந்தச் சிலிண்டரில்தான் குறை. எஞ்சினை நிறுத்தி, நட்டை இறுக்கிவிட்டு, அடுத்ததைப் பாருங்கள். சந்தேகம் ஒன்றின் மேல் விழுந்தால், அது இன்ஜெக்டரா, சிலிண்டரின் தேய்மானமா என்பதைப் பட்டறையின் சோதனை சொல்லிவிடும்.

இப்போது ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. சிலர் இன்ஜெக்டரைக் கழற்றி, குழாயின் முனையில் வெளியே மாட்டி, ஸ்டார்ட்டரைச் சுற்றி, எண்ணெய் எப்படிப் பீய்ச்சுகிறது என்று பார்ப்பார்கள். அதை ஒருபோதும் செய்யாதீர்கள். எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போவதற்கு லோரி டயரில் இருக்கும் அழுத்தமே போதும். இன்ஜெக்டரின் அழுத்தமோ அதைப்போல் பல மடங்கு. காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரியும். வலியும் முதலில் குறைவாக இருக்கலாம். ஆனால் தோலுக்கடியில் டீசல் சதையைக் கெடுத்துக்கொண்டே போகும். சில மணி நேரம் தாமதித்தாலும் விரலை எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்படி நேர்ந்தால் மஞ்சள் பூசுவதோ, எண்ணெய் தடவுவதோ, நாளைக்குப் பார்க்கலாம் என்பதோ கூடாது. உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், "அழுத்தத்தில் டீசல் உள்ளே போய்விட்டது" என்று சொல்லுங்கள். குத்தின காயம் என்று மட்டும் சொன்னால் கட்டுப் போட்டு அனுப்பிவிடக்கூடும்.

அடுத்தது கழற்றும் வேலை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியை எடுத்துவிடுங்கள். பக்கத்தில் சிகரெட்டும் பிள்ளைகளும் வேண்டாம். எந்த நட்டையும் தொடுமுன் இன்ஜெக்டரைச் சுற்றியுள்ள அழுக்கைத் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். இது சோம்பலுக்கு இடம் கொடுக்கக்கூடாத படி. நாசிலுக்குள் ஓடும் ஊசிக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு முதல் நான்கு பங்குதான். மனிதத் தலைமுடி அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் தடித்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மணல் துகளே அந்த ஊசியைச் சிக்கவைத்துவிடும்.

பிறகு எண்ணெய்க் குழாய்களையும், மிச்ச எண்ணெய் திரும்பும் சிறு குழாயையும் கழற்றுங்கள். குழாய்களில் 1, 2, 3, 4 என்று அடையாளம் இடுங்கள். அவற்றை வளைக்காதீர்கள். திறந்த வாய்களைச் சுத்தமான மூடியால் அடைத்துவிடுங்கள். இன்ஜெக்டர் வர மறுத்தால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுதும் ஊறவிடுங்கள். சுத்தியலால் அடிக்காதீர்கள். எடுத்தவுடன் எஞ்சினில் தெரியும் துளையை மூடிவிடுங்கள்; உள்ளே ஒரு திருகாணி விழுந்தால் எஞ்சினையே பிரிக்க நேரிடும்.

கழற்றிய இன்ஜெக்டர்களை எடுத்துக்கொண்டு நேரே சாமான் கடைக்கு ஓடவேண்டாம். டீசல் பம்பு பழுதுபார்க்கும் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அங்கே சோதனைக் கருவியில் மாட்டி, எந்த அழுத்தத்தில் திறக்கிறது, எண்ணெய் விரிகிறதா, சொட்டுகிறதா என்று பார்ப்பார்கள். பல நேரங்களில் சுத்தம் செய்து அழுத்தத்தைச் சரி செய்தாலே போதும். இல்லையென்றால் நாசிலை மட்டும் மாற்றலாம். முழு இன்ஜெக்டரும் வாங்க வேண்டிய தேவை அதற்குப் பிறகே எழும். நாசிலைப் பிரிப்பதையும் அழுத்தம் வைப்பதையும் அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

வாங்கும்போது "இந்த வண்டிக்கு ஒன்று கொடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். பழைய நாசிலின் மேல் பொறித்திருக்கும் எண்ணை எழுதி எடுத்துச் செல்லுங்கள். எழுத்து மிகச் சிறியது. கண் கூர்மையான பிள்ளை ஒருவரை விட்டுப் படிக்கச் சொல்லலாம். டி.எல்.எல்.ஏ. என்று தொடங்கினால் அது பல சிறு துளைகள் உள்ள வகை. டி.என். என்று தொடங்கினால் ஒரே துளையில் ஊசிமுனை நீட்டிக்கொண்டிருக்கும் வகை. எழுத்தை அடுத்து வரும் எண், எண்ணெய் விரியும் கோணத்தைக் குறிக்கும். 150 என்றால் 150 டிகிரி. வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் இந்த எண் மாறினால் எண்ணெய் தவறான இடத்தில் போய் விழும். நான்கும் ஒரே அளவு ஓடித் தேய்ந்திருந்தால் நான்கையும் ஒன்றாக மாற்றுவதே நல்லது.

விலை மிகவும் மலிவாகவும், பெட்டியில் அச்சு மங்கலாகவும் இருந்தால் போலிச் சாமானோ என்று ஐயப்படுங்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள். மலேசியாவில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சொந்த உபயோகத்திற்கு வாங்கிய பொருள் குறையுடையதாக இருந்தால், வழக்கறிஞர் இல்லாமலே பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் முறையிடலாம். அதற்கு ரசீதுதான் சாட்சி.

இனி மாட்டும் வேலை. இன்ஜெக்டருக்கு அடியில் செம்பு வாஷர் ஒன்று இருக்கும். பழையது பெரும்பாலும் துளையின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்காமல் புதியதைப் போட்டால் இரண்டு வாஷர் ஆகிவிடும், நாசிலும் உயர்ந்துவிடும். ஆகவே டார்ச் அடித்துப் பார்த்து, பழையதை எடுத்து, அடியில் படிந்த கரியைத் துடைத்துவிட்டு, புது வாஷர் போடுங்கள். சில நூறு வெள்ளி செலவழித்துவிட்டு இந்தச் சிறு வாஷரில் மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனமல்ல.

நட்டுகளை முதலில் விரலால் திருப்பிப் பிறகு ஸ்பேனர் வையுங்கள். இறுக்கத்தின் அளவை வண்டியின் கையேடு சொல்லும். அந்த அளவு காட்டும் டார்க் ஸ்பேனரை இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள். பலம் இருக்கிறதென்று அளவுக்கு மீறி இறுக்கினால் நாசில் நெளிந்து ஊசி சிக்கிக்கொள்ளும்.

அடுத்து, குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். டீசல் வடிகட்டியின் தலையில் உள்ள கைப்பம்பை அது கடினமாகும் வரை அழுத்துங்கள். இன்ஜெக்டர் பக்கத்து நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்வாக வைத்துத் துணியால் மூடுங்கள். பேட்டரிக் கம்பியை மாட்டி, ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாக, இடையில் ஓய்வு கொடுத்துச் சுற்றுங்கள். நட்டின் அடியில் குமிழி இல்லாமல் டீசல் கசிந்தால், சுற்றுவதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் இறுக்குங்கள். எஞ்சின் முதலில் கொஞ்சம் இருமும், பிறகு சீராகும்.

எங்காவது கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஒரு பழைய அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், நனைந்தால் கசிவு. உடனே எஞ்சினை நிறுத்திவிட்டு இறுக்குங்கள். இன்ஜெக்டரின் அடியில் சோப்புத் தண்ணீர் விட்டு, நுரை பொங்குகிறதா என்றும் பாருங்கள். பொங்கினால் வாஷர் சரியாக உட்காரவில்லை. சிந்திய டீசலைச் சாக்கடையில் விடாமல் மணலைக் கொட்டி அள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. புது நாசிலைக் கெடுப்பவை தூசியும் தண்ணீரும்தான். 2019ஆம் ஆண்டில் மலேசியா, சாலை வாகனங்களுக்கான டீசலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு பயோடீசல் கலக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நாம் வெட்டும் செம்பனைக் குலையின் எண்ணெயே அந்த வழியில் நம் வண்டிக்குத் திரும்பி வருகிறது. பயோடீசல் சாதாரண டீசலைவிடச் சற்று அதிகமாகத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே டீசலை மழையில் நிற்கும் திறந்த பீப்பாயில் வைக்காதீர்கள். வடிகட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது திறந்துவிடுங்கள். வடிகட்டியைக் காலத்தோடு மாற்றுங்கள். அது சில வெள்ளியோடு முடிகிற செலவு.

கழற்றுவதும் மாட்டுவதும் நம் வேலை. பிரிப்பதும் அழுத்தம் வைப்பதும் பட்டறை வேலை. புதிது வாங்குவது சோதனைக்குப் பிறகு. இந்த மூன்றையும் நினைவில் வைத்தால் வண்டியும் ஓடும், கையும் நலமாக இருக்கும்.