கேழ்வரகுக் கூழும் குடல் புற்றுநோயும்

பூந்தமல்லியை அடுத்து இருக்கிறது சென்னீர்குப்பம். ஆடி மாதம் வந்தால் இந்தப் பக்கத்து அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பார்கள். பெரியவர்களும் பிள்ளைகளும் தூக்குப் பாத்திரத்துடன் வந்து நிற்பார்கள்.

ஒரு காலத்தில் அந்தக் கூழ் ஏழை எளியவர்களின் அன்றாட உணவு. இப்போதோ பல வீடுகளில் அது ஆடிக்கு ஒரு நாள் பிரசாதம்! மற்ற நாட்களில் மல்லிகைப் பூப் போன்ற வெள்ளைச் சோறுதான்.

இதனால் வயிற்றுக்கு ஒரு நஷ்டம் உண்டு. நார்ச்சத்து குறைந்துவிட்டது. 100 கிராம் தீட்டிய அரிசியில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை. அதே அளவு கேழ்வரகிலும் கம்பிலும் சுமார் 11 கிராம் இருக்கிறது. இது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட கணக்கு.

நார் என்ன செய்கிறது?

நார் சிறுகுடலில் ஜீரணம் ஆவதில்லை. அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே நீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குகிறது, சீக்கிரம் வெளியேற்றுகிறது. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைக்கின்றன. அப்போது உண்டாகும் ஒருவகை அமிலம் குடல் சுவருக்கு உணவாகிறது.

உகாண்டாவில் கண்டது

அயர்லாந்தில் பிறந்த டாக்டர் டெனிஸ் பர்க்கிட், ஆப்பிரிக்காவில் உள்ள உகாண்டா நாட்டில் பல ஆண்டுகள் அறுவை சிகிச்சை செய்தவர். அங்குள்ள கிராமத்து மக்களுக்குக் குடல் புற்றுநோய் அபூர்வமாகவே வந்தது. காரணம் நார் மிகுந்த உணவாக இருக்கலாம் என்று 1971-ல் அவர் எழுதினார்.

மறு ஆண்டு அவரும் நண்பர்களும் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். உண்ட உணவு உடலைவிட்டு வெளியேற உகாண்டா கிராமத்தாருக்குச் சுமார் 36 மணி நேரம் ஆயிற்று. இங்கிலாந்துக் கடற்படையினர் குடும்பங்களில் 80 மணிக்கு மேல் ஆயிற்று!

நம் நாட்டிலும் ரயில்வே டாக்டர் எஸ்.எல்.மல்கோத்ரா இதை ஆராய்ந்தார். பஞ்சாபியரைவிடத் தென்னிந்தியருக்கே இந்நோய் கூடுதல் என்று 1977-ல் எழுதினார். பஞ்சாபியர் உணவில் நாரும், தயிர், மோர் வகைகளும் மிகுதி என்பதைக் காரணமாகக் காட்டினார்.

நார் மட்டும் போதுமா?

ஐரோப்பாவில் 10 நாடுகளைச் சேர்ந்த 5 லட்சம் பேரைக் கவனித்த ஆராய்ச்சி 2003-ல் வெளிவந்தது. நார் அதிகம் உண்டவர்களுக்கு, குறைவாக உண்டவர்களைவிட ஆபத்து ஏறக்குறைய கால் பங்கு குறைவு என்று அது கூறியது.

ஆனால் 2000-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு சோதனை வேறு முடிவைச் சொன்னது. குடலில் முளைத்த சிறு கட்டிகளை அகற்றிக்கொண்டவர்களுக்குச் சில ஆண்டுகள் கோதுமைத் தவிட்டு உணவு கொடுத்தார்கள். கட்டிகள் மீண்டும் முளைப்பது குறையவில்லை.

ஆகவே நார் ஒரு துணை. நோயே வராமல் தடுக்கும் தாயத்து அல்ல. புகை, மது, உடல் உழைப்பின்மை, பருமன், பரம்பரை ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும்.

பெரியவர்களுக்கு நாள் ஒன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்ன யோசனை. கேழ்வரகு, கம்பு, சுண்டல், கீரை, அவரைக்காய், கொய்யா எல்லாம் இதற்கு உதவும். ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். சிறிது சிறிதாகக் கூட்டி, தண்ணீரும் நன்றாகக் குடிக்க வேண்டும்.

வெட்கம் வேண்டாம்!

மலத்தில் ரத்தம் வந்தால் பலர், "மூலம்தான்" என்று தாங்களே முடிவு செய்து, வெளியில் சொல்லாமல் மறைக்கிறார்கள். அது மூலமாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். மலம் கழிக்கும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருந்தாலும், காரணமின்றி உடல் இளைத்தாலும், ரத்தசோகை வந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் அறுவை சிகிச்சையால் குணப்படுத்த முடியும். சென்னை அடையாறில் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரி இன்றும் இயங்குகிறது. அரசு ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன.

கூழ் குடலுக்கு நல்லது. ஆனால் ரத்தத்தைக் கண்ட பிறகு கூழை நம்பிக் காத்திருக்கக்கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.