கடைசி வண்டி

"அப்பா, வர்ற ஞாயித்துக்கிழமை நாங்க ஒன்பது வண்டி மால்ஷேஜ் காட் போறோம்" என்று மகன் சொன்ன உடனே அடுக்களையில் தோசைக் கரண்டியின் சத்தம் நின்று போயிற்று. அதற்குப் பிறகு வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வயது வந்த பிள்ளையும், கடனில் வாங்கிய மோட்டார் சைக்கிளும் இருக்கும் எல்லா வீடுகளிலும் நடப்பதுதான்.

"என்னங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள் மனைவி. நான்கு வருடங்களுக்கு முன்னால் எங்கள் கட்டடத்துப் பையன் ஒருவன் மழை நாளில் வண்டியோடு போனவன் திரும்பி வரவில்லை. ஊரிலிருந்து அவன் தாத்தா வந்து இறங்கிய கோலத்தை நாங்கள் மறக்கவில்லை. 'போகக் கூடாது' என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? சொல்லாமல் போவான். எங்கே போகிறான், யாரோடு போகிறான் என்பதும் தெரியாமல் போகும். அதனால், "நானும் வருகிறேன்" என்று சொல்லிவிட்டேன். மகனை விட எனக்குத்தான் அதிக ஆச்சரியம்.

சனிக்கிழமை இரவுக் கூட்டம்

குர்லாவுக்கும் வண்டிகளுக்கும் உள்ள உறவு பழையது. 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணாவுக்குப் போன முதல் பயணி ரயில் குர்லா வழியாகத்தான் போயிற்று. 1925-ல் நாட்டின் முதல் மின்சார ரயில் வி.டி.யிலிருந்து குர்லா வரைதான் ஓடியது. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக எத்தனையோ வருடம் ஓடிய பிரீமியர் பத்மினி கார் இங்கேதான் தயாரானது. இன்றும் சி.எஸ்.டி. ரோட்டில் போனால் உதிரி பாகக் கடைகளும் கராஜ்களும் வரிசையாக இருக்கின்றன.

அந்தப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் முப்பது வருடமாக வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர்தான் இந்தக் கூட்டத்துக்கு மூத்தவர். பையன்கள் எல்லாம் அவரை 'உஸ்தாத்' என்கிறார்கள். எனக்கு அவர் அண்ணாச்சி. அவருக்கும் நான் அண்ணாச்சி. அவரிடம் இருப்பது பழைய புல்லட். 1955-லிருந்து நம் சென்னையில் உருவாகி வரும் வண்டி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இப்போதைய பையன்களிடம் கொடுத்தால் தெரு முனை வரை போவதே சிரமம்.

சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஒன்பது வண்டிகளும் கராஜ் வாசலில் நின்றன. மராட்டிப் பையன்கள் நால்வர், மலையாளி ஒருவர், உள்ளூர் முஸ்லிம் பையன்கள் இருவர், தமிழர் இருவர். அண்ணாச்சி ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பார்த்தார். டயர், செயின், பிரேக், முன் விளக்கு, பின் விளக்கு. ஒரு பையனின் பின் டயரை விரலால் தடவிவிட்டு, "வழுக்கையாப் போச்சு. மாத்திட்டு வா, இல்லேன்னா நாளைக்கு வராத" என்று இந்தியில் சொன்னார். பையன் முகம் சுருங்கியது. ஆனால் காலையில் புது டயரோடு வந்து நின்றான்.

பிறகு ஒரு தாளில் எல்லோருடைய பெயர், ரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண் எழுதப்பட்டது. இரண்டு பிரதி. ஒன்று முதல் வண்டியில், ஒன்று கடைசி வண்டியில். தலைக்கவசம் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதுதானா என்றும் பார்த்தார். பின்னால் உட்காரும் எனக்கும் ஒன்று வேண்டும் என்றார். மோட்டார் வாகனச் சட்டம் 1988-லிருந்தே பின்னால் உட்காருபவரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. நாம்தான் அதை ஓட்டுபவருக்கு மட்டும் என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம்.

வரிசையின் ரகசியம்

அன்று இரவு அண்ணாச்சி சொன்ன விதிகளை இங்கே எழுதுகிறேன். பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்கள் தயவு செய்து கவனிக்க வேண்டும்.

முதல் வண்டியை யாரும் முந்தக் கூடாது. எங்கள் முதல் வண்டிக்காரர் ரயில்வேயில் வேலை பார்க்கும் மராட்டி இளைஞர்; அந்தப் பாதையில் பல தடவை போய் வந்தவர். இரண்டாவது இடம் யாருக்கு? அனுபவம் குறைந்தவனுக்கு. அவன் வேகம்தான் எல்லோருடைய வேகமும். என் மகனுக்கு அந்த இடம் கிடைத்தது. முதலில் அதைப் பெருமை என்று நினைத்தான். காரணம் தெரிந்ததும் உம்மென்று ஆகிவிட்டான்.

கடைசி இடம் கூட்டத்திலேயே நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கு. பஞ்சர் ஒட்டும் சாமான், ஸ்பானர், கிளட்ச் கேபிள், முதலுதவிப் பெட்டி எல்லாம் அந்த வண்டியில். அதாவது அண்ணாச்சியின் புல்லட்டில். அவர் பின்னால் நான்.

நடுவில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேலை. கண்ணாடியில் பின்னால் வருபவனின் விளக்கு தெரிகிறதா என்று பார்த்துக் கொண்டே இருக்க வேண்டும். தெரியவில்லை என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்படியும் வரவில்லை என்றால் ஓரமாக நின்றுவிட வேண்டும். அவன் நின்றால் அவனுக்கு முன்னால் போகிறவனின் கண்ணாடியிலும் விளக்கு மறையும், அவனும் நிற்பான். இப்படியே முதல் வண்டி வரை செய்தி போய்விடும். போன் தேவையில்லை, ஹார்ன் தேவையில்லை.

இடைவெளிக்கும் ஒரு கணக்கு உண்டு. முன் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் நாம் எண்ணத் தொடங்க வேண்டும். நாம் அந்தக் கம்பத்துக்கு வர இரண்டு நொடியாவது ஆக வேண்டும், மழையில் நான்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறோம் என்பதை நினைத்தால் இந்தக் கணக்கின் அருமை புரியும். நேர் சாலையில் ஒருவர் இடப்பக்கம், அடுத்தவர் சற்று வலப்பக்கம் என்று மாறி மாறிப் போகலாம். மலைப் பாதையில் ஒற்றை வரிசைதான்.

சஹ்யாத்ரியும் நம் மலையும்

ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். நம் பெரியவர்கள் இன்னும் 'ஆக்ரா ரோடு' என்று சொல்கிற லால் பகதூர் சாஸ்திரி மார்க் வழியாக காட்கோபர், பாண்டுப், முலுண்டு, தாணா. அங்கிருந்து கல்யாண், முர்பாட். புணே எக்ஸ்பிரஸ்வேயில் இரு சக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லை. இந்தப் பாதையில் அந்தத் தொல்லை இல்லை. குர்லாவிலிருந்து மலை உச்சிக்குச் சுமார் 125 கிலோமீட்டர்.

முர்பாடில் வடா பாவும் டீயும். அதைத் தாண்டியதும் வயல்கள். முழங்கால் சேற்றில் பெண்கள் நாற்று நட்டுக் கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் என் மனம் தாமிரபரணிக் கரைக்குப் போய்விட்டது. எதிரே மேகத்துக்குள் கறுப்புச் சுவர் போல மலை எழுந்து நின்றது.

இவர்கள் சஹ்யாத்ரி என்கிறார்கள். நாம் மேற்குத் தொடர்ச்சி மலை என்கிறோம். இரண்டும் ஒன்றுதான். இங்கே தொடரும் இந்த மலைதான் தெற்கே பொதிகையாகி கன்னியாகுமரிப் பக்கம் முடிகிறது. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று இந்தச் சுவரில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து கொட்டுகிறது. ஆடி மாதத்தில் குற்றாலத்தில் சீசன் களை கட்டும் அதே நாட்களில்தான் இங்கேயும் மலை முழுக்க அருவி. ஒன்றிரண்டு அல்ல, பாறை இடுக்கில் எல்லாம் வெள்ளை வெள்ளையாக நூல் தொங்குகிறது. சில அருவிகள் சாலை மேலேயே விழுகின்றன.

அழகு இருக்கும் இடத்தில் ஆபத்தும் இருக்கிறது. மழையில் பாறை உருண்டு விழுவதும் மண் சரிவதும் இங்கே வழக்கம். 2014 ஜனவரியில், மழை இல்லாத நாளிலேயே, அரசுப் பேருந்து ஒன்று இந்த மலையில் பள்ளத்தில் விழுந்து இருபது பேருக்கும் மேல் இறந்தார்கள். நாடு முழுவதும் 2022-ஆம் ஆண்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேர் இரு சக்கர வண்டிகளில் போனவர்கள். என் மனைவியின் பயம் வெறும் பயம் அல்ல.

வளைவில் கிடந்த பையன்

மலை ஏறத் தொடங்கியதும் வேறொரு கூட்டம் ஐந்தாறு வண்டிகளில் ஹார்ன் அடித்துக் கொண்டு எங்களை முந்திப் போயிற்று. எங்கள் பையன்களைப் பார்த்து ஒருவன் கையை ஆட்டிக் கேலி செய்தான். நாங்கள் முப்பது, முப்பத்தைந்தில் போய்க் கொண்டிருந்தோம். என் மகனின் முதுகு விறைத்ததை எட்டாவது வண்டிக்குப் பின்னாலிருந்தும் என்னால் பார்க்க முடிந்தது. ஆனால் அவன் முந்தவில்லை.

கால் மணி நேரம் போயிருக்கும். மேகம் சாலைக்கே இறங்கிவிட்டது. திடீரென்று எங்கள் வரிசை நின்றது.

வளைவின் ஓரத்துக் கால்வாயில் ஒரு வண்டி கவிழ்ந்து கிடந்தது. தடுப்புச் சுவரை ஒட்டி ஒரு பையன் கிடந்தான். இருபது வயது இருக்கும். எங்களைக் கேலி செய்த கூட்டத்தில் ஒருவன். அவர்களில் கடைசியாகப் போனவன் போலிருக்கிறது. சேறு படிந்த இடத்தில் பிரேக்கை அழுத்தியிருக்கிறான். கூட வந்தவர்கள் யாரும் இல்லை. இரண்டு கார்கள் எங்கள் கண் முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, பார்த்துவிட்டுப் போயின.

அண்ணாச்சி முதலில் செய்தது பையனிடம் ஓடுவது அல்ல. வளைவுக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று இரண்டு பேரை நிறுத்தி, வருகிற வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்ல வைத்தார். "இல்லேன்னா நாமளும் அடிபட்டுக் கிடப்போம் அண்ணாச்சி" என்றார். அப்புறம்தான் பையனிடம் போனார். மூச்சும் நினைவும் இருந்தன. தலைக்கவசத்தைக் கழற்றவில்லை, தூக்கி உட்கார வைக்கவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. மழைக் கோட்டை மேலே போர்த்தினார். போனில் சிக்னல் இல்லை. முதல் வண்டிக்காரர் மேலே போய் 108-க்குச் சொன்னார்.

அதுவரை அந்தப் பையனின் கையைப் பிடித்துக் கொண்டு பேச்சுக் கொடுத்தது என் மகன். "என் கூட வந்தவங்க எங்கே?" என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். இவனிடம் பதில் இல்லை.

அவர்கள் நாற்பது நிமிடம் கழித்து வந்தார்கள். மேலே கடையில் டீ சொல்லியிருக்கிறார்கள். ஒரு டம்ளர் மிச்சம் இருந்ததாம். அப்போதுதான் ஆள் குறைவது தெரிந்திருக்கிறது. ஆம்புலன்ஸும் வந்தது. தோள்பட்டை எலும்பு முறிவு என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். பிழைத்தான்.

இங்கே ஒரு விஷயம். 'உதவப் போனால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும்' என்ற பயம் நம் மக்களுக்கு நிறைய. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவரைப் பாதுகாக்கிறது. விருப்பம் இல்லாவிட்டால் பெயர் கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஒதுங்கிப் போக இனி அதைக் காரணமாகச் சொல்ல முடியாது.

திரும்பி வந்தோம்

மேலே போய்ச் சாப்பிட்டோம். பிம்பள்காவ் ஜோகா அணையின் நீரைத் தூரத்தில் பார்த்தோம். பையன்கள் அதிகம் பேசவில்லை. இருட்டுவதற்குள் மலை இறங்கிவிட வேண்டும் என்று சீக்கிரமே கிளம்பினோம். இறக்கத்தில் பிரேக்கையே நம்பாமல், ஏறும்போது எந்த கியரோ அந்த கியரிலேயே இறங்கினோம். ஏறி வருகிற வண்டிக்கு வழி விட்டு நின்றோம்.

இரவு எட்டு மணிக்கு வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள். வளைவில் கிடந்த பையனைப் பற்றி மறைக்கலாமா என்று நான் யோசித்துக் கொண்டிருக்கும்போதே மகன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவள் கோபிக்கவில்லை. வெகு நேரம் கழித்து, "அந்தப் பிள்ளைக்குப் பின்னால வர யாருமே இல்லியா?" என்று மட்டும் கேட்டாள்.

பெற்றோர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். 'போகாதே' என்று தடுத்தால் பிள்ளைகள் நமக்குத் தெரியாமல் போவார்கள். அதற்குப் பதிலாக நான்கு கேள்வி கேளுங்கள். எத்தனை வண்டி? முதல் நாள் வண்டிகளைப் பார்த்தது யார்? எத்தனை மணிக்குத் திரும்பி இறங்குகிறீர்கள்? கடைசி வண்டி யாருடையது? நான்காவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், அது சேர்ந்து போகும் பயணம் அல்ல. மழைக்காலத்தில் சில அருவிகளுக்குப் போக மாவட்ட நிர்வாகம் தடை விதிப்பதும் உண்டு. அதையும் விசாரித்துக் கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்த சனிக்கிழமை மகனோடு கராஜுக்குப் போயிருந்தேன். "உஸ்தாத், அடுத்த தடவை என்னைக் கடைசி வண்டியாப் போடுங்க" என்றான் அவன். அண்ணாச்சி கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக் கொண்டே சிரித்தார்.

"அதுக்கு இன்னும் பத்து மழை பாக்கணும் தம்பி. இப்போதைக்கு ரெண்டாவதா வா."