மீட்டர் மங்கிவிட்டதா... மாற்றும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள்!

''எங்களிடம் 12 வருடப் பழைய பிக்-அப் வண்டி இருக்கிறது. தக்காளி, கத்திரி ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். மீட்டரில் வரும் டிஜிட்டல் எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, இப்போது இரவில் எதுவுமே தெரிவதில்லை. 'மீட்டரையே மாத்தணும்' என்கிறார் மெக்கானிக். வேறு வழி உண்டா?''

- பழனி வட்டார வாசகர் ஒருவர்.

பழைய வண்டி வைத்திருக்கும் பலருக்கும் உள்ள தொல்லைதான் இது. டீசல் அளவும் கிலோமீட்டரும் தெரியாவிட்டால் என்ன, குத்துமதிப்பாக ஓட்டிக்கொள்ளலாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால், இன்ஜின் சூடு, ஆயில் பிரஷர், பேட்டரி சார்ஜிங் மூன்றுக்கும் எச்சரிக்கை வருவது அதே மீட்டரில்தான். லோடோடு மேடு ஏறும்போது ரேடியேட்டர் ஹோஸ் கசிந்து சூடு ஏறுவது கண்ணில் படவில்லை என்றால், ஹெட் கேஸ்கெட் போய்விடும். ஹெட்டே வளைந்துவிட்டால் இன்ஜின் வேலை. அந்தச் செலவுக்கு முன்னால் மீட்டர் செலவு ஒன்றுமே இல்லை. அதனால், சும்மா விடக் கூடாது. அதேநேரம், மங்கலாகத் தெரிகிறது என்பதற்காக மீட்டரே போய்விட்டது என்றும் முடிவு கட்டக் கூடாது. பல வண்டிகளில் மீட்டர் நன்றாகவே இருக்கும். அதற்கு வெளிச்சம் கொடுக்கும் பல்போ, கரன்ட் வரும் வழியோதான் கெட்டிருக்கும்.

முதலில், பைசா செலவில்லாத சோதனை. பகலில் மட்டும் மங்கலாக இருந்தால் லைட் சுவிட்ச்சைப் பாருங்கள். பார்க் லைட்டைப் போட்டதும், டிரைவர் கண் கூசக் கூடாது என்று டிஸ்ப்ளே தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும்படி பல வண்டிகளில் அமைத்திருப்பார்கள். சில வண்டிகளில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஸ்டீயரிங் பக்கத்தில் சின்னச் சக்கரம் இருக்கும். துணியால் துடைக்கும்போது அது திரும்பியிருந்தாலே போதும், மீட்டர் இருண்டுவிடும். பழைய சக்கரமாக இருந்தால் உள்ளே தூசு அடைந்தும் கரன்ட் சரியாகப் போகாது. நாலைந்து முறை முழுதாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினால் வெளிச்சம் விட்டுவிட்டு வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் கோளாறு அங்கேதான். இன்னொன்று, சில வகை கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பார்த்தால் நல்ல டிஸ்ப்ளேகூடக் கறுப்பாகத் தெரியும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்!

அடுத்தது டார்ச். இருட்டில் சாவியைப் போட்டு, மீட்டர் கண்ணாடி மேல் சாய்வாக டார்ச் அடியுங்கள். சாம்பல் நிறப் பின்னணியில் கறுப்பு எழுத்து பளிச்சென்று தெரிந்தால், அது எல்.சி.டி டிஸ்ப்ளே, அது நன்றாக வேலை செய்கிறது. பின்னால் எரிய வேண்டிய பல்புதான் போயிருக்கிறது. டார்ச் வெளிச்சத்திலும் எழுத்து வெளுத்தோ, கோடுகோடாக அறுபட்டோ தெரிந்தால், கோளாறு டிஸ்ப்ளேயிலோ அதன் இணைப்பிலோ இருக்கிறது. வருடக்கணக்கில் வெயிலில் நிறுத்திய வண்டிகளில் டிஸ்ப்ளே மேல் ஒட்டிய மெல்லிய ஃபிலிமும் கெட்டுப்போகும். சில பழைய கார்களில் எழுத்தே பச்சை-நீல நிறத்தில் தானாக ஒளிரும். அது வேறு ரகம்; அதற்கு இந்த டார்ச் சோதனை உதவாது.

எர்த்தில்தான் விஷயம்!

மீட்டரோடு ஹெட்லைட்டும் மங்கி, ஹாரனும் கம்மலாக அடித்தால் மீட்டரைத் தொடவே வேண்டாம். பேட்டரி, சார்ஜிங் பக்கம் போங்கள். சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. மோட்டார் ஸ்டார்ட்டர், சோலார் வேலி என்று பண்ணையில் எல்லாவற்றுக்கும் உதவும் என்பதால் வாங்கி வைப்பது நல்லது. 12 வோல்ட் வண்டியில், இன்ஜினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் பேட்டரியில் 12.6 வோல்ட் அளவுக்கு இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். ஏறவே இல்லை என்றால் பெல்ட் தளர்ந்திருக்கலாம் அல்லது ஆல்டர்னேட்டரில் வேலை இருக்கலாம். பழைய ரக ஆல்டர்னேட்டர் சிலவற்றில் மீட்டரில் உள்ள சார்ஜிங் பல்பு வழியாகப் போகும் கரன்ட்தான் அதைத் தொடங்கி வைக்கும். அந்தச் சின்ன பல்பு ஃபியூஸ் போனாலே பேட்டரி ஏறாமல் போகலாம்.

பேட்டரி சரியாக இருந்து மீட்டர் மட்டும் மங்கினால், எர்த்தைச் சந்தேகப்படுங்கள். விவசாயி வண்டியில் இதற்கு வாய்ப்பு அதிகம். யூரியா, பொட்டாஷ் மூட்டை சிந்துவது, சாணி ஈரம், பம்ப்செட் தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கழுவுவது எல்லாம் சேர்ந்து எர்த் போல்ட்டில் துருவும் பச்சைக் களிம்பும் பிடிக்கும். லைட்டைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், சிவப்பு முனையை மீட்டருக்குப் போகும் எர்த் ஒயரின் முனையிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால், அந்த அளவு மின்சாரம் துருவிலேயே வீணாகிறது. பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, போல்ட்டையும் பாடியையும் உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் போதும்.

ஃபியூஸ் பெட்டியையும் ஒரு பார்வை பாருங்கள். பல வண்டிகளில் மீட்டர் விளக்குக்கும் பின்பக்க சிவப்பு லைட்டுக்கும் ஒரே ஃபியூஸ்தான். மீட்டர் முழுதாக இருண்டிருந்தால், இறங்கிப்போய் பின்லைட் எரிகிறதா என்று பாருங்கள். அதுவும் எரியாமல் இரவில் லோடு ஏற்றிப் போனால், பின்னால் வரும் வண்டிக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 20 ஆம்பியர் போடுவதோ, கம்பி சுற்றுவதோ வண்டியை எரித்துவிடும் வேலை. அடிக்கடி போனால் எங்கோ ஒயர் பாடியில் உரசுகிறது. களத்திலும் கொட்டகையிலும் நிற்கும் வண்டி என்றால் எலி கடித்திருக்கவும் கூடும்.

பல்புதான் கோளாறு என்றால், பழசைக் கையில் கொண்டுபோய் அதே அளவு, அதே வாட்டில் வாங்குங்கள். கூடுதல் வாட் போட்டால் வெளிச்சம் வரும். கூடவே பிளாஸ்டிக்கும் உருகும். எல்.இ.டி பல்பு போடலாம். எரியவில்லை என்றால் திருப்பிச் சொருகிப் பாருங்கள், அதற்குப் பிளஸ், மைனஸ் உண்டு. தானாக ஒளிரும் ரக டிஸ்ப்ளே என்றால், உள்ளே இருக்கும் கெபாசிட்டர் காய்ந்துபோவதும், சால்டரிங் விரிசல் விடுவதும் வழக்கமான கோளாறுகள். அதை மீட்டர் சர்வீஸ் செய்யும் கடையில் கொடுப்பதுதான் சரி. ஏர்பேக் உள்ள வண்டிகளில் ஸ்டீயரிங் பக்கம் வீட்டிலேயே பிரிக்கவே வேண்டாம்.

இத்தனையும் பார்த்த பிறகும் மீட்டரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கழற்றும் முன் டார்ச் அடித்து, ஓடிய கிலோமீட்டரை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிய தேதி, பழைய மீட்டரின் கிலோமீட்டர், புது மீட்டரின் கிலோமீட்டர் மூன்றையும் பில்லில் எழுதி வாங்கி, ஆர்.சி புத்தகத்தோடு வையுங்கள். ஆயில் மாற்றும் கணக்குக்கும் அதுதான் ஆதாரம். வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் கேட்டாலும் காட்டலாம்.